கஞ்சித் தொட்டியிலிருந்து வீட்டு வாசலுக்கு

இராயபுரத்தை ஒட்டியுள்ள ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னையின் பழைய தலைமுறையினர் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்து வந்தனர். மருந்துக்கும் கஞ்சிக்கும் என்ன உறவு? விடை காண நாம் 1782ஆம் ஆண்டிற்குச் செல்லவேண்டும்.

ஹைதர் அலீக்கும் கும்பினியாருக்கும் நடந்த போரினால் சென்னையைச் சுற்றிய ஊர்கள் பாழ்பட்டன. விளைநிலங்கள் அழிந்தன, பஞ்சம் தலைவிரித்தாடியது. பசியோடு பட்டணத்தை நாடி வந்தோர்க்குக் கஞ்சி வார்க்க அவ்வாண்டில் ஒரு சத்திரம் எழுந்தது. ‘மணியக்காரர் சத்திரம்’ என்னும் அதன் பெயர் ஆங்கிலேயரின் நாவில் ‘மோனிகர் சௌல்ட்ரி’ எனத் திரிந்தது. கஞ்சிக்கு வந்தவருள் பிணியாளரும் இருந்தனர். 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவ்வித்தே பின்னாளில் பெரு மருத்துவமனையாக வளர்ந்தது. அங்கே தொடங்கப்பெற்ற மருத்துவப் பள்ளி, ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கி, 1938இல் கல்லூரியாக உயர்ந்தது.

மருத்துவமனை வளர்ந்த கதை பலரும் அறிந்ததே. நம் நெஞ்சைத் தொடுவது சத்திரத்தின் கதை. பஞ்சம் நீங்கிய பின்னும் அதன் கதவு அடைபடவில்லை. ஆதரவற்ற முதியோரின் உறைவிடமாக அது நிலைத்தது. பேரரசுகள் மறைந்தன, கஞ்சி வார்த்த அறம் மறையவில்லை!

எனினும் அது வீடற்றோர்க்கான ஏற்பாடு. வீடும் மக்களும் இருந்து, அவ்வீட்டிற்குள்ளேயே நலங்குன்றும் முதியோரை நாடு நெடுங்காலம் கழித்தே எண்ணிப் பார்த்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராசன் 1978இல் முதியோர்க்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். படுக்கைகளுடன் கூடிய பிரிவு 1988இல்தான் வந்தது. மருந்து முதியவரின் வாசலைத் தேடிச் செல்வதற்கோ 2021 ஆகஸ்டு 5 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர் இல்லந்தோறும் சென்று இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் மாத்திரை அளிக்கின்றனர். முடங்கியோர்க்கு இயன்முறைச் சிகிச்சையும் செய்கின்றனர்.

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மருத்துவமனை, குணமடைந்து வீடு திரும்பும் ஏழைகளுக்கு, உடனே கூலி வேலைக்கு ஓடாதிருக்கும்பொருட்டுப் பணமும் கொடுத்தனுப்பியதென வரலாற்றாசிரியர் எழுதுவர். நோயாளி வீடு சேர்ந்த பின் என்னாவார் என்று கேட்ட வக்ஃபு அது.

அக்கேள்வியை நம் இல்லங்களில் கேட்டுப் பார்ப்போம். இராயபுரத்துச் சந்துகளில் குறுகிய செங்குத்துப் படிகளைக் கொண்ட வீடுகள் பல. சுபுஹு தொழுகைக்காக இருளில் எழும் பெரியவர், ஒளுச் செய்யும் ஈரத்தரையில் கால் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். சிலர் அதன்பின் எழுவதேயில்லை. சுவரில் ஒரு கைப்பிடி, அணையாத ஒரு சிறு விளக்கு, அமர்ந்து ஒளுச் செய்ய ஒரு முக்காலி: இவற்றிற்கு ஆகும் செலவு ஒரு வலீமா விருந்தின் ஒரு பந்திக்குக்கூட வராது. நின்று தொழ இயலாதவர்க்கு அமர்ந்து தொழும் சலுகையை மார்க்கமே தந்திருக்க, பெரியவர் நாற்காலியில் அமர வெட்கப்படுவதும் ஏனோ!

எண்ணூரில் வீட்டினுள் இருப்பதே பாதுகாப்பு என்றும் சொல்வதற்கில்லை. 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில், உரத் தொழிற்சாலைக்குக் கடலடியே செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தனர். பலர் மருத்துவமனை சேர்ந்தனர். ஓட இயலாதவரை யார் தூக்குவது? நம் ஜமாஅத் ஏடுகளில் நிக்காஹ் பதிவாகிறது, மௌத்தும் பதிவாகிறது. தனித்து வாழும் முதியோரின் பெயர், அவர் உண்ணும் மருந்து, அத்தகைய இரவில் அவரைச் சுமந்து செல்லப் பொறுப்பேற்கும் அண்டை வீட்டு இளைஞரின் பெயர் ஆகியவற்றுக்கு அதே ஏட்டில் இன்னும் ஒரு பக்கம் போதும்.