உதவித்தொகையை இழந்த பையன்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசர வேலை இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் தக்காளி வைத்திருக்கிறான். மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு.

"சார், பாப்பா என்எம்எம்எஸ்-ல வரலைங்க சார். ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. அவ கெட்டிக்காரின்னு நெனச்சிட்டு இருந்தோம். நீங்க சொல்லுங்க சார், அவ்வளவுதானுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, அடுத்த வருஷம் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கு, அதுல பார்த்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. ஒரு பரீட்சையில் தோற்ற பிள்ளைக்கு இன்னொரு பரீட்சையைக் காட்டியிருக்கிறேன். அவன் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவன் சொல்லும் பதிலா அது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உதவித்தொகை போன இன்னொரு பிள்ளையின் கதையிலிருந்து தொடங்குகிறேன். சீனிவாச இராமானுஜன் கதை உங்களுக்கெல்லாம் தெரியும், வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அப்போது சொன்னதெல்லாம் கேம்பிரிட்ஜ், ஹார்டி, 1729 என்கிற டாக்சி எண், இவ்வளவுதான். அவர் கப்பல் ஏறுவதற்கு முந்தைய பத்து வருடங்களை வேகமாகத் தாண்டிவிடுவேன். ஒரு ஆசிரியன் படிக்க வேண்டியது அந்தப் பத்து வருடங்களைத்தான்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா துணிக்கடைக் கணக்குப்பிள்ளை, சம்பளம் மாதம் ஏறத்தாழ 20 ரூபாய். வருமானம் போதாமல் வீட்டில் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேரைத் தங்க வைத்திருந்தார்கள். அவர்கள் படித்த கணக்கைப் பார்த்துப் பார்த்தே அவர்களை மிஞ்சிவிட்டான் பையன். 1898-ல் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தான். அங்கே நடந்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். கணபதி சுப்பையர் என்ற மூத்த கணித ஆசிரியர், பள்ளிக்கூடத்துக்கே கால அட்டவணை போடும் வேலையை இந்தப் பையனிடம் ஒப்படைத்தார். மாணவர்கள் சுமார் 1200 பேர், ஆசிரியர்கள் முப்பதுக்கு மேல். ஜூன் மாதத்தில் டைம்டேபிள் போட்டு, ஒரே பீரியடில் ஒரே வாத்தியாரை இரண்டு வகுப்புக்கு அனுப்பித் திட்டு வாங்கியவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். சுப்பையர் வேலைப்பளு குறையட்டும் என்றே கொடுத்திருக்கலாம். ஆனால் யாரிடம் கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1904-ல் பள்ளி முடிக்கும்போது கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு கிடைத்தது. மேடையில் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இந்தப் பையனுக்கு முழு மதிப்பெண்ணுக்கும் மேலே போட வேண்டும் என்று பேசினாராம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையும் கிடைத்தது. அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

அன்றைய எஃப்.ஏ. படிப்பில் கணிதத்தோடு ஆங்கிலம், கிரேக்க ரோமானிய வரலாறு, உடலியல், சமஸ்கிருதம் எல்லாம் உண்டு. இராமானுஜனுக்குக் கணிதம் தவிர வேறு எதுவும் ஏறவில்லை. கார் என்பவர் எழுதிய, ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் அடங்கிய ஒரு புத்தகம் பள்ளி முடிக்கும் முன்பே கையில் கிடைத்திருந்தது. வகுப்பில் பேராசிரியர் ரோமாபுரியைப் பற்றிப் பேச, பையன் சூத்திரத்தில் இருந்தான். ஆங்கிலக் கட்டுரையில் தோற்றான். உதவித்தொகை போயிற்று. ஒரு பருவத்துக்கான கட்டணம் 32 ரூபாய், அதாவது அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல். அம்மா கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரிடமே போய் வாதாடிப் பார்த்தார், பலிக்கவில்லை. 1905-ல் பையன் வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டான்.

அந்த முதல்வரைத் திட்டுவது சுலபம். எனக்கு மனம் வரவில்லை. அவர் விதிப்படி நடந்தார். நானும் பல வருடம் விதிப்படிதான் நடந்தேன்.

அடுத்து சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே சிங்காரவேலு முதலியார் என்ற கணிதப் பேராசிரியர் இவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கணித இதழ்களில் வரும் கணக்குகளைப் போட்டுப் பார்த்தார். ஆனால் எஃப்.ஏ. தேர்வில் 1906-லும் தோல்வி, 1907-லும் தோல்வி. பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909-ல் கல்யாணம் மட்டும் நடந்தது.

இனிமேல் வருகிறவர்களைக் கவனியுங்கள், இவர்களில் ஒருவரும் அவருடைய வகுப்பாசிரியர் இல்லை. 1910-ல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த இராமசாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டு நோட்டுப் புத்தகத்தோடு போனார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டைப் புரட்டியவர், இந்தத் திறமையை வருவாய்த் துறையின் அடிமட்ட வேலையில் போட்டு மழுங்கடிக்கத் தனக்கு மனமில்லை என்று வேலை தர மறுத்துவிட்டார். கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் முதலில் நம்பவில்லை, பிறகு மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயர் கணிதம் படித்தவர், ராத்திரியில் சிலேட்டு வைத்துக்கொண்டு இவரோடு கணக்குப் போடுவார். 1913 ஜனவரி 16-ல் ஹார்டிக்குக் கடிதம் போனது. ஹார்டிக்கு முன்னால் கேம்பிரிட்ஜில் இரண்டு பெரிய கணிதவியலாளர்களுக்கு எழுதியும் பயனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணிதத்தில் பெரிய ஆளாக இருந்தால் மட்டும் இன்னொருவரின் கணிதம் கண்ணுக்குத் தெரிந்துவிடாது.

அதே ஆண்டு மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்குக் கொடுக்க விதியில் இடமில்லை. இருந்தும் வழி கண்டுபிடித்தார்கள். பல வருடத்துக்கு முன்னால் ஒரு விதி எடுத்துக்கொண்டதை, இன்னொரு விதியைத் தளர்த்தித் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் பல வருடம் போயிருந்தது. மொத்தமாக அவர் வாழ்ந்ததே 32 வருடம்தான்.

இந்த விவரங்களில் பலவும் நமக்குக் கிடைத்ததற்கு ஒரு பள்ளி ஆசிரியரும் முக்கியக் காரணம். சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே. சீனிவாசன், இராமானுஜனை அறிந்தவர்களைத் தேடிப்போய்க் கடிதங்களையும் நினைவுகளையும் சேகரித்து 1968-ல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். பிறகு இராயபுரத்தில் இராமானுஜன் பெயரில் ஓர் அருங்காட்சியகம் அமையவும் அவரே காரணம். என் வயதுக் கணக்கு ஆசிரியர்கள் அவரை 'பி.கே.எஸ்.' என்றால் தெரிந்துகொள்வார்கள்.

இப்போது பரீட்சைக்கு வருகிறேன். பிள்ளைகளின் அறிவை அளக்கும் சோதனையை 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, சைமன் என்பவரோடு சேர்ந்து உருவாக்கினார். எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் கவனம் தேவை என்று கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார், ஒதுக்குவதற்காக அல்ல. அது அமெரிக்காவுக்குப் போனபோது வேறு வேலைக்குப் பயன்பட்டது. ஸ்டான்ஃபோர்டில் டெர்மன் என்ற பேராசிரியர் 1921-ல் கலிஃபோர்னியா முழுக்கச் சலித்து 1500-க்கும் மேற்பட்ட 'மேதைப் பிள்ளைகளை'த் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பதிவு செய்ய ஏற்பாடு செய்தார். அந்தப் பிள்ளைகள் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் ஒருவரும் நோபல் பரிசு வாங்கவில்லை. சோதனை எழுதி, மதிப்பெண் போதாது என்று விடப்பட்ட இரண்டு பையன்கள் வாங்கினார்கள். ஷாக்லி 1956-ல், அல்வாரெஸ் 1968-ல். இரண்டும் இயற்பியலுக்கு.

நம் நாட்டில் 1963-ல் தேசிய அறிவியல் திறனாய்வுத் திட்டம் டெல்லியில் பத்து உதவித்தொகையோடு தொடங்கியது, அடுத்த ஆண்டே நாடு முழுவதற்கும் 350 ஆனது. ஆரம்பத்தில் எழுத்துத் தேர்வு மட்டும் இல்லை. பிள்ளை தானே செய்த ஒரு செயல்திட்ட அறிக்கையும் கொடுக்க வேண்டும், நேர்காணலுக்கும் போக வேண்டும். நேரில் ஒருவர் அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பேசினார். பிற்காலத்தில் அவையெல்லாம் உதிர்ந்து, சரியான விடையைக் குறிக்கும் தாள்கள் மட்டும் நின்றன. இப்போது அந்தத் திட்டமே 2021-க்குப் பிறகு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

நம் பாப்பா எழுதிய என்எம்எம்எஸ்-ல் மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி. வென்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய். தமிழ்நாடு முழுவதற்கும் 6,695 இடம். இது வறுமையால் பிள்ளை படிப்பை நிறுத்தாமல் இருக்க வந்த திட்டம், நல்ல திட்டம். 2011 கணக்கெடுப்பில் 68.54 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே கடைசியில் இருந்த நம் மாவட்டத்துக்கு அந்த ஆயிரம் ரூபாய் சின்னத் தொகை இல்லை. ஆனால் 180 கேள்விக்குள் வராத திறமை அந்தத் தாளுக்குத் தெரியாது. அரசுக்கும் இது புரியாமல் இல்லை. சமீபத்தில் பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் மொழி இலக்கியத் திறனறிவுத் தேர்வு வைத்து 1500 பேருக்கு மாதம் 1500 ரூபாய் தருகிறார்கள். பாட்டு, கூத்து, ஓவியம், சிற்பம் என்று கலைத் திருவிழாவும் நடத்துகிறார்கள். பறையடித்து மாநில அளவில் பரிசு வாங்கிய பிள்ளைகளின் படத்தைப் பார்க்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. என் காலத்தில் பெஞ்சில் தாளம் போட்டால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். நிற்க வைத்தவன் நான்தான்.

கார்ட்னர் என்பவர் 1983-ல், அறிவு ஒன்றல்ல, ஏழு வகை என்று எழுதினார். மொழி, கணக்கு, இசை, உடல் என்று போகும் அந்தப் பட்டியல். அதற்குச் சான்று போதாது என்று உளவியல் அறிஞர்கள் பலர் மறுக்கிறார்கள். எங்களுக்கும் ஒரு பயிற்சியில் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். வண்ணப்படம் போட்டு வகுப்புச் சுவரில் ஒட்டினேன். ஆய்வாளர்கள் வந்து பாராட்டினார்கள். ஒட்டிய சுவருக்குக் கீழேயே ஒரு பையன் உட்கார்ந்திருந்தான்.

அவனைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை. ஏழாம் வகுப்பு. எழுதினால் எழுத்தெல்லாம் பிழை, கூட்டல் வராது. 'மக்கு' என்று நான் சொன்னது அவனுக்குப் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. ஒருநாள் சந்தையில் அவனைப் பார்த்தேன். கன்னடம் பேசும் வியாபாரி ஒருவர், தெலுங்கு மட்டும் பேசும் ஒரு பாட்டி, நடுவில் இவன். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்லி, இடையில் தமிழில் என்னைப் பார்த்து "வணக்கம் சார்" என்றும் சொல்லி, விலையை முடித்து வைத்தான். வியாபாரி பேசிய கன்னடத்தில் இருந்த கோபத்தைக் குறைத்து, பாட்டி சொன்ன தெலுங்கில் இருந்த கெஞ்சலைக் குறைத்துச் சொன்னான் என்பது அங்கே நின்று கேட்டால்தான் தெரியும். நான் கேட்டேன். தெரிந்தது. நம் ஊர்ப் பக்கம் மூன்று மொழியும் காதில் விழுந்துதான் எல்லாப் பிள்ளைகளும் வளர்கின்றன, இதில் என்ன பெரிய விஷயம் என்று தக்காளி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் வகுப்பில் அவன் பெயரைக்கூட அழைக்கவில்லை, பட்டப்பெயரைத்தான் அழைத்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான். இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. உங்களில் அவன் செட்டில் படித்தவர்கள் இருக்கிறீர்கள். தெரிந்தால் நம்பரை எனக்குத் தனியாக அனுப்புங்கள், இங்கே கமெண்டில் போட வேண்டாம்.

கணபதி சுப்பையர் செய்ததும் பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கையில் இருந்த வேலையில் ஒன்றை எடுத்து, யாருக்குப் பொருந்துமோ அவனிடம் கொடுத்தார். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தெலுங்கு, கன்னடக் குடும்பங்களிடம் பேச எனக்கும் ஆள் தேவைப்பட்டதுதான். அதே வகுப்பில் அவன் இருந்தான்.

நேற்று மாலை பாப்பாவின் அப்பாவுக்கு நானே போன் செய்தேன். மதிப்பெண் பற்றிக் கேட்கவில்லை. "பள்ளிக்கூடம் விட்டு வந்தா என்னப்பா செய்யறா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லீங்க சார், வேலை சொன்னா செய்வா. தினமும் பாலக்கோட்டு மண்டி ரேட்டக் கேட்டு காலண்டர்ல எழுதி வெப்பா. ரெண்டு வருஷமா எழுதறா. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா. போன தடவை நாத்து வாங்கப் போனப்போ, இப்ப வேண்டாம்ப்பா, இருபது நாள் கழிச்சு நடலாம்னா. நான் கேக்கல."

"கேட்டிருந்தா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "கேட்டிருக்கணும் சார்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன், இரண்டு வருடக் காலண்டரோடு. வருவதற்குச் சம்மதித்துவிட்டாளாம். காலண்டரைக் காட்டுவதற்கு இன்னும் சம்மதிக்கவில்லையாம்.