போதனாசிரியர்

இலங்கையின் வன்னியில் 'விவசாயப் போதனாசிரியர்' என்றால் பள்ளிக்கூட வாத்தியார் அல்லர்; விவசாயத் திணைக்களத்தின் கள உத்தியோகத்தர்.

'போதனா' வடமொழி. 'புத்' என்ற வேருக்கு விழித்தல், அறிதல் என்று பொருள். புத்தர், போதி, போதம் எல்லாம் அதன் கிளைகள். வேரின்படி போதனை என்றால் விழிக்கச் செய்தல். வழக்கிலோ அது உபதேசமாகச் சுருங்கிவிட்டது. அதில் எனக்கு வருத்தமுண்டு. 'ஆசிரியர்', 'ஆசார்ய' என்பதன் பிராகிருத வடிவத்தின் வழியே தமிழுக்கு வந்தது.

அந்தப் பழைய பொருளுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வன்னியின் கொக்கிளாய்க் கிராமத்துச் சனம் 1984இல் இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின் திரும்பியவர்கள். களப்பை அண்டிய நிலத்தில் உவர் ஏறும். அங்கே விதைநெல் கேட்கும் கமக்காரருக்கு 'ஏ.டி. 354' என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது வெறும் உபதேசம். ஏ.டி. என்றால் அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையம், 35 என்றால் மூன்றரை மாத வயது, இந்த இனம் உவரை ஓரளவு தாங்கும் என்று பிரித்துச் சொன்னால், அடுத்த முறை 'பி.ஜி. 300' என்று கேள்விப்படும்போது அது பத்தலகொடையில் உருவான மூன்று மாத நெல் என்று அவரே கண்டுகொள்வார். விழிக்கச் செய்தல் என்ற பழைய பொருள் இங்கே முழுதாகப் பொருந்துகிறது.

தமிழ்நாட்டில் இதையொத்த பதவிக்கு 'வேளாண் அலுவலர்' என்று பெயர். பெயர் நல்ல தமிழ்தான். ஆனால் அந்தப் பெயரில் கற்பிக்கும் வேலை தெரியவில்லை.