பிளைவுட் ஷீட்: வைப்பும் நகர்த்தலும்

பிளைவுட் என்பது மெல்லிய மரத்தகடுகளை இழை மாற்றி மாற்றி ஒட்டி அழுத்திய பலகை. மரத்தைச் சுழற்றி இத்தகடுகளை உரிப்பர், சிவகாசிக்குப் பிழைப்பான தீக்குச்சிக்கும் அப்படியே. வழக்கமான ஷீட் 8 அடிக்கு 4 அடி, 18 மி.மீ. கனமென்றால் எடை 30 கிலோவைத் தாண்டும்.

படுக்கவைப்பதே உத்தமம், வீட்டுப் பட்டறையில் அதற்கு இடமேது? நீள விளிம்பு கீழிருக்க, ரீப்பர் கட்டைகள்மேல் சற்றே சாய்த்து நிறுத்தலாம். அதிகம் சாய்த்தால் வளையும். நேராக நிறுத்தினால் ஆள்மேல் சரியும். கட்டைகள் எதற்கு? விருதுநகர் கரிசல் வெயிலுக்குப் பேர்போனதுதான். ஆனால் ஐப்பசி மழையில் தரையீரம் விளிம்பில் ஏறும், கரையானும் பின்தொடரும்.

கயிற்றை வளையமாக முடிந்து இரு கீழ்மூலைகளில் மாட்டி, நடுவில் பிடித்துத் தூக்கினால் ஒருவரே சுமக்கலாம். ஆடிக்காற்றில் மட்டும் துணைக்கு ஆள் வேண்டும், ஷீட் கப்பற்பாயாகிவிடும்.