கழுத்துவலி, முதுகுவலி: உடற்பயிற்சியும் சிகிச்சையும் - தருமபுரி மக்கள் தண்ணீரையும் கவனிக்க வேண்டும்

முதுகுவலி இல்லாத வீடு இன்று அரிது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 61.9 கோடி பேர் இடுப்பு, முதுகுவலியால் அவதிப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வயலில் குனிந்து வேலை செய்பவர், கடையில் நாள் முழுக்க நிற்பவர், குடம் சுமக்கும் பெண்கள், செல்போனைக் குனிந்தே பார்க்கும் பிள்ளைகள் என யாரையும் இது விடுவதில்லை. ஆனால் தருமபுரி மாவட்டத்தில் வசிக்கும் நாம் மற்ற ஊர்க்காரர்களைவிட ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கிறது: "நாம் குடிக்கும் தண்ணீர் எது?"

பெரும்பாலான வலிக்கு அசைவே மருந்து

பத்தில் ஒன்பது பேருக்கு வரும் முதுகுவலிக்கு எலும்பு முறிவோ பெரிய நோயோ காரணமல்ல. தசையும் தசைநாரும் களைத்துப்போவதாலும் தவறாக உட்காருவதாலும் வருவதே அதிகம். புதிதாக வந்த வலி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் குறைந்துவிடும். அதற்காக நாள் கணக்கில் படுத்தே கிடக்கக் கூடாது. முடிந்த வேலையைச் செய்துகொண்டு நடமாட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய எளிய பயிற்சிகள்:

1. நேராக உட்கார்ந்து, தலையைக் குனியாமல் முகவாயைப் பின்னோக்கி இழுத்து 5 வினாடி நிறுத்துங்கள். 10 முறை.
2. நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலை அசையாதபடி ஒன்றையொன்று மெதுவாக அழுத்துங்கள். பின்தலை, இரு பக்கங்களிலும் இதுபோல் செய்யுங்கள்.
3. மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடக்கி நெஞ்சை நோக்கி இழுத்து 10 வினாடி பிடியுங்கள். பிறகு மறுகால்.
4. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை ஊன்றி, இடுப்பை மட்டும் மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். 10 முறை.
5. தினமும் அரை மணி நேரம் நடங்கள்.

பயிற்சியின்போது வலி காலுக்கோ கைக்கோ பரவினால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சலூனில் கழுத்தை நெட்டி முறிக்கச் சொல்லாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். நாள்பட்ட முதுகுவலிக்கு இடுப்பு பெல்ட்டையும் டிராக்ஷனையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

தருமபுரியில் இன்னொரு காரணம்: ஃபுளோரைடு

நம் மாவட்டத்துப் பாறைகளில் உள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராமுக்கு மேல் இது இருப்பது நல்லதல்ல. வேறு நீர் கிடைக்காத இடத்திலும் 1.5 மில்லிகிராமே உச்ச வரம்பு. இதைவிடக் கூடுதலான நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் ஃபுளோரைடு எலும்பில் படிகிறது. முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைநார்கள் சுண்ணாம்பேறி இறுகுகின்றன. முதலில் கழுத்திலும் இடுப்பிலும் வலி, பிறகு விறைப்பு. முற்றினால் தண்டுவடம் நசுங்கிக் கால்கள் பலமிழக்கும். பிள்ளைகளின் பற்களில் மஞ்சள், பழுப்புக் கோடுகள் தெரிவது அந்த வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை.

மூன்று சோதனைகளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்:

- முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் காசை எடுக்க முடிகிறதா?
- முகவாய் நெஞ்சைத் தொடுகிறதா?
- கைகளைப் பக்கவாட்டில் நீட்டி மடக்கிப் பிடரியைத் தொட முடிகிறதா?

முடியாவிட்டால் ஃபுளோரைடு பாதிப்புதான் என்று முடிவு கட்ட வேண்டாம். வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மருத்துவரிடம், "பல வருடம் போர் தண்ணீர் குடித்தோம்" என்று மறக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரேயும் சிறுநீர்ப் பரிசோதனையும் உண்மையைக் காட்டும். விறைத்த கழுத்தைப் பலவந்தமாக வளைக்கும் பயிற்சி இவர்களுக்கு ஆபத்து.

தண்ணீரை மாற்றுவதே முதல் சிகிச்சை

படிந்த ஃபுளோரைடை முழுமையாக நீக்கும் மருந்து இல்லை. தொடக்கத்திலேயே தண்ணீரை மாற்றினால் வலி குறையும், நோயும் மேலும் முற்றாது. இதற்காகவே ஜப்பான் நிதியுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. உங்கள் தெருக் குழாயில் வருவது காவிரி நீர் மட்டும்தானா, ஆழ்துளைக் கிணற்று நீரும் கலந்து வருகிறதா என்று ஊராட்சியில் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் நீரைப் பரிசோதியுங்கள்.

காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடும். குடிக்க மட்டுமல்ல, சோறு பொங்கவும் தேநீர் போடவும் நல்ல நீரே வேண்டும். பால், கீரை, நெல்லிக்காய், கொய்யா உணவில் சேரட்டும். பால் கலக்காத கடுந்தேநீரைக் குறையுங்கள். தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு.

எங்கே போவது?

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பார்க்கலாம். படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். அரசு மருத்துவ ஆலோசனைக்கு 104ஐ அழைக்கலாம்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போவது அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கு மரத்துப்போவது, கை கால் பலமிழப்பது, கீழே விழுந்தபின் வரும் கடும் வலி ஆகியவற்றுக்கு ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த முதுகுவலி, எலும்புக் காசநோயாக இருக்கலாம்.

ருகூவில் குனியவோ ஸஜ்தாவிலிருந்து எழவோ சிரமம் என்பதைப் பெரியவர்கள் பலர் வெளியே சொல்வதில்லை. நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் சலுகை உண்டு. ஆனால் நாற்காலியை எடுத்துக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். வீட்டின் தண்ணீரையும் பரிசோதிப்போம்.