தகப்பனின் பெயரில் தொங்கிய ஓவியம்

செலின் சியாமாவின் 'போர்ட்ரெய்ட் ஒஃப் எ லேடி ஒன் ஃபயர்' (2019) படத்தை எல்லாரும் காதல் படமாத்தான் பாக்கிறம். பிழையில்லை. 18ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸ், கடலோரத்தில் தனித்த ஒரு வீடு. கன்னியர் மடத்தில் இருந்த எலுவீஸை முன்பின் தெரியாத மிலான் நகரத்து ஆணுக்குக் கட்டிக்கொடுக்கப் போகினம். மாப்பிள்ளைக்கு அனுப்ப அவளின் உருவப்படம் வேணும். அதை வரைய வந்த மரியானுக்கும் அவளுக்கும் காதல் வருகிறது. ஓவியம் முடிந்தால் பிரிவு நிச்சயம்.

ஆனா என்னை விடாமல் பிடிச்சது கடைசிப் பகுதியில் வரும் ஒரு சின்ன விசயம். (படம் பாக்காத ஆக்கள் மன்னிக்கோணும்.) பாரிஸ் கண்காட்சியில் மரியானின் ஓவியம் தொங்குது. அவள் அதைக் குடுத்தது தகப்பனின் பெயரில்.

ஏன்? மரியான் கற்பனைதான், அந்தத் தடை கற்பனையில்லை. லூவர் மாளிகையில் நடந்த 'சலோன்' கண்காட்சியில் அரச ஓவியக் கழகத்தின் உறுப்பினர்கள் மட்டுமே படைப்புகளை வைக்கலாம். 1648இல் தொடங்கிய அந்தக் கழகம் முதல் பெண்ணைச் சேர்த்தது 1663இல். 1770இல், ஒரே நேரத்தில் நாலு பெண்களுக்கு மேல் இருக்கக் கூடாதெண்டு முடிவெடுத்தது. கழகம் 1793இல் மூடப்படும் வரை, கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டில், உள்ளே போன பெண்கள் ஏறக்குறைய 15 பேர்தான்.

போனாலும் முழு உரிமை இல்லை. ஆண் உடலைப் பார்த்து வரையும் வகுப்புகள் பெண்களுக்கு மூடியிருந்தன. புராண, வரலாற்றுக் காட்சிகளைத்தான் உயர்ந்த ஓவியம் எண்டு மதித்த காலம் அது. உடலை வரையப் பழகாமல் அதை எப்படித் தொடுறது? அதனால்தான் கனபேர் உருவப்படங்களோடும் பூக்கள், பழங்களோடும் நிக்க வேண்டி வந்தது. பிறகு அதையே காட்டி, பெண்களுக்குப் பெரிய ஓவியம் வராது எண்டும் சொன்னார்கள்.

1783 மே 31இல் எலிசபெத் விஜே லு ப்ரன், அடெலாயிட் லாபிய்-கியார் இரண்டு பேரும் ஒரே நாளில் கழகத்தில் சேர்க்கப்பட்டார்கள். நாலு இடமும் நிரம்பியது. இவர்களின் ஓவியங்களை உண்மையில் ஆண்கள்தான் வரைந்து குடுக்கினம் எண்ட கதையும் அந்த நேரம் ஊரில் உலாவினது. சொந்தப் பெயரில் வைத்தாலும் நம்ப ஆள் இல்லை. 1785இல் லாபிய்-கியார், தூரிகையோடு தான் வரைந்துகொண்டிருப்பதையும் பின்னால் தன் இரண்டு மாணவிகள் நிற்பதையும் ஒரு பெரிய ஓவியமாக்கினார். கதை கட்டினவர்களுக்கு அதை ஒரு பதிலாகவும் பார்க்கலாம்.

புரட்சி வந்து 1791இல் சலோன் எல்லாருக்கும் திறந்தது. ஆனா பாரிஸின் அரச ஓவியக் கல்லூரிக்குள் பெண்கள் மாணவிகளாய்ப் போக 1897 மட்டும் காத்திருந்தார்கள்.

இதெல்லாம் தெரிஞ்ச பிறகு படத்தைத் திரும்பப் பார்த்தன். காதலைத் தடுத்ததும் பெயரைத் தடுத்ததும் வேற வேற ஆக்கள் இல்லை. எலுவீஸ் யாரோடு வாழுறது எண்டு அவளைக் கேட்காத அதே சமூகம்தான், மரியான் எதை வரையலாம், எங்கே கையெழுத்துப் போடலாம் எண்டதையும் முடிவெடுத்தது. இனி ஏதாவது பழைய ஓவியத்துக்குக் கீழே ஒரு ஆணின் பெயரைக் கண்டா, உண்மையில் அதை வரைந்தது ஆர் எண்டும் ஒருக்கா யோசிப்பன்.