சாமி ஹதாதின்: மனிதரைக் காயப்படுத்தாத ரோபோ

1979 சனவரி 25 அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபோர்டு வார்ப்பாலை ஒன்றில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற 25 வயதுத் தொழிலாளி ரோபோவின் கை தாக்கி இறந்தார். ரோபோவால் உயிரிழந்த முதல் மனிதர் இவரே என்பர். ஆலை ரோபோக்கள் வேலிக்குள் தனித்து இயங்குவதே பொதுவான பாதுகாப்பு முறையாக இருந்தது. அந்த வேலியை எடுத்துவிட முடியுமா என்ற கேள்வியைத் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டவர் ஜெர்மானியப் பொறியியலாளர் சாமி ஹதாதின்.

இவர் 1980இல் பிறந்தவர். ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தின் ரோபோவியல் நிறுவனத்தில் பணியாற்றினார். ரோபோ மோதினால் மனித உடலுக்கு என்ன நேரும் என்பதை ஊகத்தால் சொல்லாமல், அளந்து பார்க்க வேண்டும் என்று இவரும் இவருடைய குழுவினரும் முடிவு செய்தனர். கார் விபத்துச் சோதனைக்குப் பயன்படும் மனித உருவப் பொம்மைகள் மீது ரோபோக் கைகளை மோதவிட்டனர். தலை தடையின்றி நகர இடமிருந்தால், கனமான ரோபோ மோதினாலும் தலைக்காய அளவீடு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால் சுவருக்கும் ரோபோவுக்கும் இடையே உடல் நசுங்குவதே பேராபத்து என்று தெரிந்தது. கத்தி போன்ற கூரிய கருவிகளைப் பிடித்த ரோபோவையும், பன்றித் தசையைக் கொண்டு சோதித்தனர்.

தீர்வு என்ன? இருட்டறையில் நடக்கும்போது கதவில் கை பட்டவுடன் நாம் கையைப் பின்னிழுக்கிறோம் அல்லவா? அதுபோல, ரோபோவின் ஒவ்வொரு மூட்டிலும் முறுக்குவிசையை உணரும் கருவி பொருத்தப்பட்டது. கணக்கிட்ட விசைக்கும் உணர்ந்த விசைக்கும் வேறுபாடு தோன்றினால், ஏதோ மோதிவிட்டது என்று பொருள். நொடியின் சிறு பகுதிக்குள் ரோபோ நின்றுவிடும், அல்லது விலகிவிடும்.

இவருடைய முனைவர் பட்ட ஆய்வு 2014இல் நூலாக வெளிவந்தது. ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யலாகாது என்ற அசிமோவின் முதல் விதியை அதன் தலைப்பே சுட்டுகிறது. 1942இல் கதைக்காக எழுதப்பட்ட விதியைப் பொறியியலாக்கும் முயற்சி அது.

2014இல் ஹனோவர் பல்கலைக்கழகத்திலும், 2018இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரானார். இடையில், இவர் பங்கேற்று நிறுவிய ஃபிராங்கா எமிகா நிறுவனம், தொடுதலை உணரும் ஏழு மூட்டு ரோபோக் கையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்காக 2017இல் இவருக்கும், சகோதரர் சைமன் ஹதாதின், ஸ்வென் பருசெல் ஆகியோருக்கும் ஜெர்மன் எதிர்காலப் பரிசு கிடைத்தது. 2019இல் லைப்னிட்ஸ் பரிசும் பெற்றார். ஆயினும் அந்நிறுவனம் 2023இல் நொடித்து, வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது.

நிறுவனம் கைமாறினாலும் ஆய்வின் பயன் நிற்கிறது. மனிதருடன் இணைந்து பணிபுரியும் ரோபோக்களுக்கான பன்னாட்டுப் பாதுகாப்பு வழிகாட்டி 2016இல் வெளியானது. உடலின் எந்தப் பகுதி எவ்வளவு விசையைத் தாங்கும் என்று அது அட்டவணையாகத் தருகிறது. பாதுகாப்பு என்பது நல்லெண்ணத்தால் மட்டும் வருவதன்று, அளந்து அறிந்த எண்களால் வருவது என்பதே மாணவர்கள் இவ்வரலாற்றில் கற்க வேண்டிய பாடம்.