அடுப்பைத் தாங்கிய காது

கல்லூரி புராஜெக்டுக்காக ஒரு சின்ன மைக்கை போர்டில் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பொத்தான் அளவில் வட்டமாக இருக்குமே, அந்த எலக்ட்ரெட் மைக்தான். கை பழகாததால் சால்டரிங் முனையைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்துவிட்டேன். அவ்வளவுதான், மைக் செவிடாகிவிட்டது. ஆனால் என் செல்போனுக்குள் இருக்கும் மைக்கோ, தொழிற்சாலையில் 250 டிகிரி அடுப்புக்குள் போய்விட்டு வந்தும் நன்றாகவே கேட்கிறது. இது எப்படி என்று தேடப்போய்க் கிடைத்த கதைதான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் அடிப்படை. ஒரு மெல்லிய சவ்வு, அதற்கு எதிரே ஒரு தகடு, நடுவில் சிறு இடைவெளி. ஒலி பட்டதும் சவ்வு அதிரும், இடைவெளி கூடிக் குறையும். இரண்டுக்கும் இடையில் மின்னூட்டம் இருந்தால் அந்த அசைவு மின் சைகையாக மாறிவிடும். 1916-ல் அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் வென்ட் என்பவர் செய்த கண்டென்சர் மைக் இப்படித்தான் வேலை செய்தது. அதுவரை தொலைபேசிகளில் இருந்த கரித்தூள் மைக்கைவிட இது மிகத் தெளிவாகக் கேட்டது. ஆனால் அந்த மின்னூட்டத்தைத் தர வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை.

மின்னூட்டத்தைப் பொருளுக்குள்ளேயே நிரந்தரமாகப் பூட்டிவைத்தால் என்ன? காந்தத்தில் காந்தசக்தி தங்குவது போல மின்னூட்டம் தங்கும் பொருளுக்கு 'எலக்ட்ரெட்' என்று 1885-லேயே பெயர் வைத்துவிட்டார் ஹெவிசைட். பிறகு ஜப்பானியரான எகுச்சி, உருக்கிய மெழுகை வலுவான மின்புலத்தில் ஆறவைத்து எலக்ட்ரெட் செய்து காட்டினார். ஆனால் மெழுகை வைத்து நீண்ட நாள் உழைக்கும் மைக் செய்ய முடியவில்லை.

வழி கண்டவர்கள் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த இருவர். ஒருவர் ஜெர்மனியிலிருந்து வந்த கெர்ஹார்ட் செஸ்லர். இன்னொருவர், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி என்றிருந்த விர்ஜினியாவில் பிறந்து வளர்ந்த ஜேம்ஸ் வெஸ்ட். இருவரும் பிறந்தது ஒரே மாதம், 1931 பிப்ரவரி! மெழுகுக்குப் பதிலாக பிளாஸ்டிக் படலத்தில் மின்னூட்டத்தைத் தங்கவைத்து 1962-ல் மைக் செய்தார்கள். 1964 ஜனவரி 14 அன்று காப்புரிமை கிடைத்தது. விலை மலிவு, உருவம் சிறிது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு டேப் ரெக்கார்டர், தொலைபேசி, பொம்மை எல்லாவற்றிலும் இதுதான் காது.

இதன் பலவீனம் சூடு. அதிக வெப்பத்தில் பூட்டிவைத்த மின்னூட்டம் கசிந்துபோகும். கையால் பற்றவைத்த காலத்தில் இது பெரிய பிரச்சினையாக இல்லை. ஆனால் 1980களில் தயாரிப்பு முறையே மாறியது. போர்டில் சால்டர் பேஸ்ட் தடவி, இயந்திரம் பாகங்களை அடுக்கி, மொத்தமாக அடுப்புக்குள் அனுப்பிவிடுவார்கள். வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று 183 டிகிரியில் உருகும். ஈயத்தைத் தடுக்கும் ஐரோப்பிய விதி 2006 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தபின் பரவிய ஈயமற்ற பற்றுக்கு 217 டிகிரி வேண்டும். அடுப்பின் உச்சம் 260-ஐத் தொடும். ஒரு செல்போனின் நூற்றுக்கணக்கான பாகங்கள் அடுப்பில் வெந்து வெளியே வர, மைக் மட்டும் பந்திக்குப் பிந்திய விருந்தாளி மாதிரி பிறகு ரப்பர் உறையோடு தனியாகப் பொருத்தப்படும். லட்சக்கணக்கில் செய்யும்போது இது எவ்வளவு பெரிய தொல்லை!

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். 1975-ல் ஜெர்மனி திரும்பி டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அதே செஸ்லர், 1980களின் தொடக்கத்தில் தம் குழுவினருடன் சிலிக்கானில் மைக் செய்யும் முயற்சியில் இறங்கினார். சிப் செய்யும் அதே முறையில் சவ்வையும் தகட்டையும் செதுக்கும் இத்தகைய நுண் அமைப்புகளுக்குத்தான் மெம்ஸ் என்று பெயர். தம் பழைய கண்டுபிடிப்பை ஓரங்கட்டப்போகும் போட்டியாளனை அவரே வளர்த்தார் எனலாம்.

ஆய்வுக்கூடத்திலிருந்து கடைக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின. காரணம், படலம் உருவாகும்போதே அதில் ஓர் இறுக்கம் தங்கிவிடும். அதனால் மைக்குக்கு மைக் கேட்கும் திறன் மாறுபடும். 1946 முதல் காதுகேள் கருவிகளுக்குப் பாகம் செய்துவந்த இல்லினாய்ஸின் நோல்ஸ் நிறுவனம், சவ்வின் ஓரத்தை இறுக்கிக் கட்டாமல் ஏறக்குறைய மிதக்கவிட்டு இதைச் சமாளித்தது. 2003-ல் அதன் மெம்ஸ் மைக் சந்தைக்கு வந்தது.

இதில் எலக்ட்ரெட்டே கிடையாது! வென்ட் காலத்து வெளி மின்னழுத்தம்தான் திரும்பி வந்தது. இடைவெளி சில மைக்ரோமீட்டர்தான் என்பதால் பத்துப் பதினைந்து வோல்ட்டே போதும். அதைப் பக்கத்திலிருக்கும் சிப் தானே உண்டாக்கிக்கொள்ளும். பூட்டிவைத்த மின்னூட்டம் இல்லை, ஆகவே சூட்டில் கசிய ஒன்றுமில்லை.

மெம்ஸ் நன்றாகக் கேட்டதால் வென்றது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் ஆரம்பகால மெம்ஸ் மைக்குகளின் சைகை-இரைச்சல் விகிதம் 60 டெசிபலுக்குக் கீழேதான் இருந்தது. நல்ல எலக்ட்ரெட் அதைவிடத் தேவலை. விலையும் அதிகம். ஆனாலும் மற்ற பாகங்களோடு அதே இயந்திரத்தில், அதே அடுப்பில் போக முடிந்தது. அந்தத் தகுதி அதற்குச் சந்தையைக் கொடுத்தது. சந்தையில் வந்த பணம் காதைக் கூர்மையாக்கியது. இன்று 70 டெசிபலை ஒட்டியவை கிடைக்கின்றன. ஒன்றுக்கொன்று வித்தியாசம் குறைவு என்பதால் பல மைக்குகளைச் சேர்த்துப் பேசுபவரின் திசையையும் கண்டுபிடிக்கலாம். 2014-ல் வந்த அமேசான் எக்கோவில் ஏழு மைக்குகள்.

என்னைப் போல புராஜெக்ட் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுப்பைத் தாங்கும் காதுக்கும் ஒரு பயம் உண்டு, அதன் துளை! துளை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். கீழே என்றால் போர்டிலும் ஓட்டை போட வேண்டும். அதில் சால்டர் பேஸ்ட் போய்விடக் கூடாது. பற்றவைத்தபின் போர்டைக் கழுவாதீர்கள், துளையில் காற்றை அடிக்காதீர்கள். பெட்டியின் ஓட்டைக்கும் மைக்குக்கும் நடுவே ரப்பர் வளையம் இல்லாவிட்டால் ஒலி பெட்டிக்குள்ளேயே கசிந்து எதிரொலிக்கும்.

அந்தத் துளை வழியாக ஒலி மட்டுமா போகும்? 2019-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானிய ஆய்வாளர் ஒருவரும், 110 மீட்டர் தூரத்திலிருந்து லேசர் ஒளியைத் துளையில் பாய்ச்சி, யாரும் பேசாமலேயே கருவிக்குக் கட்டளை கொடுத்துக் காட்டினார்கள். நம் வீட்டுக் கதவைத் திறக்கும் அதிகாரத்தை இந்தக் காதுகளிடம் கொடுக்கும் முன் இதை யோசிக்க வேண்டாமா?

எந்தக் காது நம் வீட்டுக்குள் வரும் என்பதைக் கேட்கும் திறன் மட்டும் முடிவு செய்யவில்லை, தொழிற்சாலை அடுப்பும் சேர்ந்துதான் முடிவு செய்தது. ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது "எது சிறந்தது?" என்பதோடு "எது கடைசிவரை பிழைத்து வரும்?" என்றும் கேட்க வேண்டும் போலும். செவிடான அந்த மைக்கை இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன்.